பையை விடு

ஜூன் 9

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற வழக்கத்தை இந்த ஒருமுறை விட்டுவிடுகிறேன். நான் நலமாக இல்லை. நீ நலமாக இருந்தால் அது உன் பாடு.

கையெழுத்தைப் பார்த்துக் குழம்பாதே. நான் சொல்லச் சொல்ல உன் அத்தான் எழுதுகிறார். என் வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து தொங்குகிறது. தையல்காரிக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கடையில் வெட்டாத சீருடைத் துணி கூரையைத் தொடுகிறது. வேலைக்கு வரும் பெண்கள் நான் வாயால் சொல்வதைக் கேட்டு வெட்டி, ஒரு கால்சட்டைக்கு இரண்டு இடது கால் வைத்துவிட்டார்கள்.

நீ போன் மேல் போன் போடுகிறாய். எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். இளகுகிற எண்ணம் எனக்கு இல்லை.

"வா அக்கா, ஒரு வாரம் என்னோடு இரு, திரும்பும்போது என் விமானத்திலேயே கூட்டிப்போகிறேன், வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்குச் சலுகை டிக்கெட் உண்டு" என்று நாக்கில் தேன் தடவிப் பேசினாயே. சலுகை டிக்கெட்டுக்குக் கடைசி வரிசைதான் என்று ஏறின பிறகுதான் தெரிந்தது. போகட்டும். மழையில் இறங்கின விமானம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததே, அதற்கும் உன்னைக் குறை சொல்லவில்லை. வண்டியை ஓட்டியது நீ இல்லை. தடம் முடிந்து, சேற்றில் இறங்கி, வேலியை இடித்து, முன்பக்கம் மடாரென்று குப்புற விழுந்து, விளக்கெல்லாம் அணைந்தது. சரி. அதுவரைக்கும் விதி.

அதற்குப் பிறகு நடந்தது நீ.

நான் என்ன செய்தேன்? எழுந்து, மேலே இருந்த என் பையை எடுத்தேன். என் பை! திருட்டுப் பை இல்லை. அதற்கு, "ஏய், பையை விடு" என்று கத்தினாய். ஏயாம்! இந்த வயதுக்கு என் மாமியார்கூட என்னை ஏய் என்று கூப்பிட்டதில்லை. விட மாட்டேன் என்றேன். பையைப் பிடுங்கிக் கதவுக்கு வெளியே எறிந்தாய். அதன் பின்னாலேயே, முதுகில் இரண்டு கையையும் வைத்து என்னையும் தள்ளினாய். இறங்குவதற்காகக் கதவிலிருந்து ஊதி விரிந்த அந்தச் சறுக்கு சுவர் மாதிரி நின்றது. நான் உருண்டுதான் போனேன்.

கைகூட ஆறிவிடும். நீ என்னைப் பார்த்த பார்வை ஆறாது. யாரோ வழியில் போகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். பயத்தில் சொந்த அக்காவையே உனக்கு அடையாளம் தெரியவில்லை.

(இந்த இடத்தில் உன் அக்கா சொன்ன வார்த்தையை நான் எழுதவில்லை. — அத்தான்)

நேற்று உன் கம்பெனியிலிருந்து ஒருவர் பழக்கூடையோடு வந்தார். மரியாதையான மனிதர். என்ன நடந்தது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். இடது கையால் கையெழுத்தும் போட்டேன்.

மன்னிப்புக் கேட்டு எழுது. எழுதினால் பார்க்கலாம்.

பெரியவள்

---

ஜூன் 14

அன்புள்ள அக்கா,

கை எப்படி இருக்கிறது என்று அத்தானைத் தனியாக எழுதச் சொல். நீ சொன்னால் கோபம்தான் வரும், விவரம் வராது.

பழக்கூடையோடு வந்த மரியாதையான மனிதர் இங்கேயும் வந்தார். எனக்குப் பழம் கொண்டுவரவில்லை. ஒரு குற்றச்சாட்டு நோட்டீஸ் கொண்டுவந்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை இந்த ஊரை விட்டுப் போகக் கூடாதாம். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கழுத்து வெறுமையாக இருக்கிறது, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நோட்டீசில் விபத்து என்ற சொல்லே இல்லை. "ஓடுதளத்திலிருந்து விமானம் சற்று விலகிய நிகழ்வு" என்று போட்டிருக்கிறார்கள். சற்று விலகியதாம்! வேலியை இடித்துக்கொண்டு போய் மூக்குச் சக்கரத்தை முறித்துக்கொண்டது, சற்று விலகல். என் வயிறு எரிகிறது அக்கா. ஏன் அப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? சற்று விலகலுக்கு யாரும் கதவைத் திறந்து பயணிகளை வெளியே தள்ள வேண்டியதில்லை அல்லவா? அப்படியானால் கைகால் முறிந்த எல்லோருக்கும் காரணம் அந்த மழை இல்லை, ஓடுதளத்தில் பாதி தாண்டின பிறகு தரை தொட்ட விமானம் இல்லை, மறுபடி மேலே எழுப்பிச் சுற்றி வந்தால் எண்ணெய் செலவாகிறது என்று விமானிகளிடம் முணுமுணுக்கிற மேலிடம் இல்லை. நான்தான். உத்தரவு இல்லாமல் கதவைத் திறந்தவள்.

உத்தரவு எப்படி வரும்? முன்னால் விமானிகளைக் கூப்பிடுகிற போனை எடுத்தேன், செத்துக் கிடந்தது. ஒலிபெருக்கியும் இல்லை. கேப்டன் தலையில் அடிபட்டு மயங்கிக் கிடந்தது எனக்கு அப்போது தெரியாது. மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் வாடை வந்தது. மண்ணெண்ணெய் மாதிரி. விமானத்துக்கு ஊற்றும் எரிபொருள் அப்படித்தான் நாறும். அந்த வாடை வந்தால், மேலிருந்து பதில் இல்லை என்றால், கதவைத் திறக்கும் உரிமை எனக்கு உண்டு. அதைச் சொல்லிக்கொடுத்ததே இந்தக் கம்பெனிதான். இப்போது எரிபொருள் கசியவே இல்லை, தரையில் கிடந்தது மழைத் தண்ணீர், வாடை உன் கற்பனை என்கிறார்கள்.

அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தபோது, நீ கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை மேஜையில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "பணிப்பெண் கத்தினார், என் பையைப் பிடுங்கி எறிந்தார், என்னைப் பலவந்தமாகத் தள்ளினார்." கீழே உன் கோணல் எழுத்து. சொந்த அக்காவே சொல்கிறார் என்று ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தார்.

நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. பாதியைச் சொன்னாய். மிச்சத்தையும் சொல். வாடை வந்ததா இல்லையா? அதை மட்டும் எழுதிக் கொடு. என் வேலை அதில்தான் தொங்குகிறது.

சின்னவள்

---

ஜூன் 19

சின்னவளுக்கு,

மன்னிப்பைத் தேடி உன் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். காணோம். அத்தான் எதையாவது விழுங்கிவிட்டாரோ என்று தாளை நானே வாங்கிப் பார்த்தேன். அதிலும் இல்லை.

வாடை வந்ததா என்று கேட்கிறாய். எனக்கு வரவில்லை. உன் வீட்டில் ஒரு வாரம் ஏசியைப் போட்டுக் குளிரவைத்தாயே, எனக்கு அன்றைக்கு மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். நீ கொண்டுவந்து கொடுத்த காப்பியின் மணமே தெரியவில்லை. வராத வாடையை வந்தது என்று எப்படி எழுதிக் கொடுப்பேன்? வாடிக்கைக்காரர்களிடம் "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்வதைத் தவிர நான் வேறு பொய் சொல்வதில்லை. அது தொழில்.

உன் வேலை போவதில் எனக்குச் சந்தோஷம் என்று நினைத்தாயா? உன் முதல் சீருடை உன் உடம்பில் தொளதொளவென்று நின்றபோது பிரித்துப் பிடித்துத் தைத்தது இந்தக் கைதான். நீ முறித்த கை. வேலைக்குப் போகிறவளுக்கு இடுப்பு சரியாக உட்கார வேண்டும் என்று இரண்டு முறை பிரித்தேன்.

அந்த மனிதர் பழக்கூடை கொண்டுவந்தது எதற்கு என்று இப்போது புரிகிறது. அந்தக் கூடையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். அவர்மேல் எனக்கு இருக்கும் கோபம் வேறு, உன்மேல் இருக்கும் கோபம் வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழித்துக்கொள்ளலாம் என்று பார்க்காதே.

அக்காவை அடையாளம் தெரியாமல் போனதற்கு என்ன சொல்கிறாய்? அதற்கு ஒரு வரிகூட எழுதவில்லையே.

பெரியவள்

(தபால்காரர் வரும் நேரத்துக்கு உன் அக்கா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறாள். கேட்டால் காலுக்குப் பயிற்சி என்கிறாள். முறிந்தது கை. — அத்தான்)

---

ஜூன் 24

அக்கா,

கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன். பிறகு இன்னும் கோபம் வந்தால் அது உன் பாடு.

விமானம் இறங்கும்போது நாங்கள் பின்னால் எங்கள் இருக்கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு, உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்து, பேசாமல் உட்கார்ந்திருப்போமே, பார்த்திருப்பாய். சும்மா உட்கார்ந்திருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் மனதுக்குள் ஒரு பாடம் ஓட்ட வேண்டும். இப்போது ஏதாவது ஆனால் என் கதவு எது, எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும், முதலில் என்ன கத்துவேன், யார் உதவுவார், யார் தடுப்பார். எந்த இறக்கத்திலும் இதை விடக் கூடாது. ஒன்றும் ஆகாமல் போகிறது, மறுநாளும் ஓட்டுகிறோம். மௌனப் பாடம் என்று எங்களுக்குள் பெயர்.

அன்றைக்கு என் இருக்கையிலிருந்து உன் கொண்டை தெரிந்தது. அதில் செருகி மறந்துபோன, துணியில் கோடு போடும் பென்சிலும் தெரிந்தது. பயணம் முழுக்க மேலே பை பத்திரமாக இருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தாய். கதவுக்கு முதல் ஆள் நீ. நீ நின்றால் உனக்குப் பின்னால் வழிநெடுக அத்தனை பேரும் நிற்பார்கள். சக்கரம் கீழே இறங்கும் சத்தம் கேட்டபோது என் பாடத்தில் நீதான் இருந்தாய். ஏதாவது ஆனால் இவள் பையைத்தான் தேடுவாள் என்று நினைத்தேன். அக்கா என்று கூப்பிட்டால் நின்று எனக்குப் பதில் சொல்வாள், "இருடி, ஒரு நிமிஷம்" என்பாள். அதனால் அக்கா என்று கூப்பிடக் கூடாது. மெதுவாகத் தொட்டால் திரும்பி முறைப்பாள். அதனால் இரண்டு கையாலும் தள்ள வேண்டும்.

உன்னை அடையாளம் தெரியாமல் தள்ளவில்லை. நீ என்று தெரிந்துதான் தள்ளினேன்.

சறுக்கு செங்குத்தாக நின்றது எனக்கும் தெரியும். முன்பக்கம் விழுந்தால் வால் தூக்கிக்கொள்ளும். சறுக்கின் அடி தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தேன், பட்டது. கை முறியும், கால் முறியும் என்று தெரிந்துதான் எல்லோரையும் அனுப்பினேன். நெருப்புப் பிடித்திருந்தால் என் காலில் விழுந்து கும்பிட்டிருப்பார்கள். பிடிக்கவில்லை, அதனால் நான் குற்றவாளி. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு எதிரான சாட்சி! இதை யாரிடம் சொல்லி அழுவது?

அப்படி எதை வைத்திருந்தாய் அந்தப் பையில்? நான்தானே கட்டிக் கொடுத்தேன். ஒரு பிளாஸ்க், ஒரு காற்றுத் தலையணை, அட்டை கிழிந்த இரண்டு பத்திரிகை. அதற்காக ஒரு விமானத்தையே மறித்துக்கொண்டு நின்றாய்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி அங்கே உங்கள் ஊர் அலுவலகத்தில் பயணிகளை விசாரிக்கிறார்கள். எங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. விமானப் பாதுகாப்புக்கான அரசு அதிகாரி ஒருவரும் வருவாராம். நீ போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. இனி உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

சின்னவள்

---

ஜூலை 2

சின்னவளுக்கு,

அப்படியா சேதி! ஒன்றும் ஆவதற்கு முன்னாலேயே, நான் பாட்டுக்கு சிவனே என்று உட்கார்ந்திருந்தபோது, பின்னால் உட்கார்ந்து என்னைத் தள்ளுவதற்குத் திட்டம் போட்டிருக்கிறாய். இதற்கு, அடையாளம் தெரியாமல் தள்ளினாய் என்றே வைத்திருக்கலாம், கொஞ்சம் மானத்தோடு இருந்திருக்கும். அக்கா என்று கூப்பிட்டால் நின்று பதில் சொல்வேனாம். வேறென்ன செய்வார்கள்? கூப்பிட்டால் பதில் சொல்வதுதான் நம் வீட்டில்

(இந்த இடத்தில் கூரியர்காரர் மணி அடித்தார். மிச்சம் நாளை எழுதலாம் என்று உன் அக்கா எழுந்துவிட்டாள். — அத்தான்)

ஜூலை 3

நேற்று மிச்சம் வைத்த திட்டை இப்போது திட்டப் போவதில்லை. கேள்.

கூரியரில் வந்தது என் பை. தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சுற்றிலும் ஒட்டி, மேலே உன் கம்பெனியின் சீட்டு. "பயணியின் உடைமை சேதமின்றித் திருப்பித் தரப்படுகிறது." பார்த்தாயா, பைக்கு ஒன்றும் ஆகவில்லை, இவள் சும்மா பிடுங்கி எறிந்தாள் என்று அத்தானிடம் வெற்றியோடு சொல்லிக்கொண்டே ஒற்றைக் கையால் உறையைக் கிழித்தேன்.

அத்தான் சமையலறைக்கு ஓடினார். அடுப்பு கசிகிறது என்று நினைத்துவிட்டார். சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, திரும்பி வந்து பையின் பக்கத்தில் நின்று மோந்தார். எனக்கு இப்போது மூக்கடைப்பு இல்லை. மண்ணெண்ணெய். நீ எறிந்த பை உருண்டுபோய் வேலியோரத்து வாய்க்காலில் கிடந்திருக்கிறது. தலையணை உறை ஊறிக் காய்ந்து மஞ்சளாகக் கிடக்கிறது. பத்திரிகைத் தாள்கள் ஒட்டிப்போய் எண்ணெய் பட்ட மாதிரி கண்ணாடியாகத் தெரிகின்றன. மழைத் தண்ணீராம்! எந்த வானம் இப்படிப் பெய்கிறது?

அந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில்தான் கையைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டு கிடந்தேன். ஒரு பொறி, ஒரே ஒரு பொறி. அதற்கு மேல் நினைக்கப் பிடிக்கவில்லை. நான் மேலே பிளாஸ்கோடு நின்றிருந்தால் எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு வந்த அந்தப் பெண் எங்கே நின்றிருப்பாள்?

அப்புறம் வந்த கோபம் இருக்கிறதே, உன்மேல் வந்த கோபமெல்லாம் அதற்குக் கால்தூசு. என் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் வாயைக் கிண்டி, என் கையெழுத்தை வாங்கி, அதால் என் தங்கையையே குத்தியிருக்கிறார்கள். என் வாக்குமூலத்தை வாங்கின அதே கம்பெனி, தான் பொய் சொல்வதற்கான சாட்சியைத் தானே உறை போட்டு, ஒட்டி, கூரியர் செலவும் கொடுத்து அனுப்பியிருக்கிறது. உள்ளே திறந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் பையெல்லாம் அவர்களுக்கு அவ்வளவுதான்.

பையை மறுபடி உறைக்குள் போட்டு இறுக ஒட்டிவிட்டோம். துவைக்கட்டுமா என்று கேட்ட அத்தானை ஒரு பார்வை பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி போகிறேன்.

நீ என்னைத் தள்ளத் திட்டம் போட்டது தப்புதான். அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

பெரியவள்

---

ஜூலை 19

அன்புள்ள அக்கா,

அங்கே என்ன செய்தாய்?

நேற்று என்னைக் கூப்பிட்டு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டீசைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு தாள். தப்பு செய்துவிட்டோம் என்று அதில் ஒரு சொல் இல்லை. "இனிவரும் காலங்களில் பயணிகளிடம் கனிவாக நடந்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது" என்று கடைசியில் ஒரு கொட்டு வேறு. கனிவாம்! வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலி, வாய்க்கால், எரிபொருள் எல்லாவற்றையும் இப்போது அரசாங்கத்து ஆட்கள் புதிதாகத் தோண்டுகிறார்களாம். "சற்று விலகிய நிகழ்வு" இப்போது விபத்தாகிவிட்டது.

யாரோ ஒரு பயணி ஒரு பையைக் கொண்டுவந்ததாகவும், எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்ததாகவும் இங்கே பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பயணியைத் தெரியும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் கழிப்பறைக்குள் போய் நின்றேன். அங்கே அழுகையும் வந்தது.

நாளை மறுநாள் மறுபடி பறக்கிறேன். அதற்கு முன் ஒன்று. ஏய் என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று மூன்று தாளைக் கிழித்துப்போட்டுவிட்டேன். தள்ளினதற்கு வாய் வரவில்லை. அந்த ஏய்க்காவது கேட்டுவிடுகிறேன். இப்போது போனை எடுப்பாயா?

சின்னவள்

---

ஜூலை 24

சின்னவளே,

இது என் கையெழுத்து. கட்டைப் பிரித்துவிட்டார்கள். எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து வேலை போன மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அங்கே என்ன நடந்தது என்று கேட்டாயே. ஜன்னலே திறக்க முடியாத கண்ணாடி அறை, ஏசி. மேஜைக்கு அந்தப் பக்கம் பழக்கூடைக்காரரும் இன்னும் இருவரும். ஓரத்தில் பேசாமல் ஒரு அம்மா, அவர்தான் அரசாங்கத்து அதிகாரி. பழக்கூடைக்காரர் என் வாக்குமூலத்தை வாசித்தார்.

"பணிப்பெண் உங்களைத் தள்ளினாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. சரிதானே?" என்றார்.

"சரிதான். இப்பவும் சொல்றேன். ரெண்டு கையாலயும் தள்ளினா."

"அவ்வளவுதான், நன்றிம்மா."

"அவ்வளவு இல்ல சார். ஒரு கையால தள்ளியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். அவளை எனக்குத் தெரியும், என்னை அவளுக்குத் தெரியும். பையைத் தேடிக்கிட்டு அங்கேயே நின்னிருப்பேன். பின்னால கைக்குழந்தையோட ஒருத்தி நின்னா."

"அதெல்லாம் இங்க தேவையில்லைம்மா. நெருப்பும் இல்ல, எரிபொருளும் இல்ல, வெறும் மழைத் தண்ணி…"

நான் பையை எடுத்து, அவர் வாசித்த வாக்குமூலத்தின் மேலேயே வைத்தேன். கத்தரிக்கோல் என் கைப்பையில் எப்போதும் இருக்குமே, உறையை நீளமாக ஒரே வெட்டு வெட்டினேன். மூடின அறையில் அது எப்படிக் கிளம்பியது என்று நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். ஒருவர் இருமினார். ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். வாசலில் நின்ற உன் அத்தான், கூப்பிடாமலேயே உள்ளே எட்டிப் பார்த்து, "யாரும் தீப்பெட்டி உரசிடாதீங்க" என்றார். மனிதருக்கு வாழ்நாளில் வாய்த்த ஒரே நல்ல நேரம்.

"உங்க கம்பெனிதான் அனுப்பிச்சது சார். சேதமில்லைன்னு சீட்டும் ஒட்டியிருக்கு. உங்க மழைத் தண்ணி இப்படித்தான் நாறுமா?" என்றேன். பழக்கூடைக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த அதிகாரி அம்மா எழுந்து வந்தார். பையை மோந்தார். சீட்டை வாசித்தார். "இதை நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லி அவரே உறையை மடித்துக்கொண்டு போனார். பிளாஸ்க் போச்சு. நல்ல பிளாஸ்க்.

கடையில் வேலை மலையாகக் கிடக்கிறது. இரண்டு இடது கால் கால்சட்டையை நானே பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். குளிர் வந்தால் கை வலிக்கும் என்று டாக்டர் சொல்கிறார். வலிக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுவேன், அதில் மாற்றம் இல்லை.

மன்னிப்பு என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அத்தானிடம் கொடுத்து அடிக்கச் சொல்லிவிட்டேன். கேட்காதே. நீ மன்னிப்புக் கேட்டால் அது தப்பு என்று ஆகிவிடும். அப்புறம் நாளைக்கு உன் மௌனப் பாடத்தில் எவளாவது ஒருத்தி கடைசி வரிசையில் பிளாஸ்கும் தலையணையுமாக உட்கார்ந்திருக்கும்போது, பாவம், வயதில் பெரியவள் என்று உன் கை ஒரு நொடி தயங்கும். தயங்காதே.

அவளும் எவளுக்கோ அக்காவாக இருப்பாள். ஏய் என்றே கத்து.

போன் அடித்தால் எடுக்கிறேன்.

பெரியவள்